கேம்ல போட்டா ரிவைவ்... ஷூட்ல போட்டா லைக்ஸ்... பார்லிமென்ட்ல போட்டா உபா! - கலர் புகைக்குப் பின்னால் இருக்கும் சட்டக் கதை

"டேய், ஸ்மோக் போடு... ஸ்மோக் போட்டுட்டு ரிவைவ் பண்ணு!"

பி.ஜி.எம்.ஐ. விளையாடுற பசங்க இருக்கிற வீட்ல ராத்திரி 11 மணிக்கு மேல கேட்கிற டயலாக் இது. கேம்ல ஸ்மோக் கிரெனேடுக்கு லைசென்ஸ் வேண்டாம், காசு வேண்டாம். தரையில கிடக்கும், எடுத்து பேக்ல போட்டுக்கலாம். அடிபட்டுக் கிடக்கிற நண்பனைச் சுத்தி வெள்ளைப் புகையை எழுப்பி, எதிரி கண்ணுல படாம அவனை எழுப்பி விடலாம். அதோட வேலை அவ்வளவுதான்.

நிஜத்துல அதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். சின்ன அட்டைக் குழாய், மேல ஒரு வளையம் இல்லைன்னா திரி. இழுத்தாலோ பத்தவைச்சாலோ ஒரு நிமிஷத்துக்கு மஞ்சளோ பிங்க்கோ நீலமோ பொங்கி வரும். ப்ரீ-வெட்டிங் ஷூட், காலேஜ் ஃபேர்வெல், ஹீரோ பட ரிலீஸ், பைக் டெலிவரி ரீல்ஸ்னு அது இல்லாத கொண்டாட்டமே இப்போ இல்ல. போன வருஷம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நண்பனோட ஷூட்டுக்குப் போயிருந்தேன். போட்டோகிராஃபர் பேக்ல இருந்து நாலு குழாயை எடுத்து, "ப்ரோ, சும்மா கையில பிடிச்சுக்கிட்டு ஓடுங்க"ன்னார். அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன்.

இதே மாதிரி குப்பிகள்தான் டிசம்பர் 13, 2023 அன்னிக்கு நாட்டையே உலுக்குச்சு. மக்களவை நடந்துக்கிட்டு இருக்கு. பார்வையாளர் மாடத்துல இருந்து ரெண்டு இளைஞர்கள் குதிக்கிறாங்க. ஒருத்தர் மேஜைகள் மேல தாவித் தாவி முன்னாடி போறார். ஷூவுக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்த குப்பியில இருந்து மஞ்சள் புகை. எம்.பி-க்களே பாய்ஞ்சு பிடிக்கிறாங்க. அதே நேரம் வெளியில ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும் கலர் புகையைக் கிளப்பிக் கோஷம் போடுறாங்க. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல. ஆனா, மொத்தம் 6 பேர் கைது, எல்லார் மேலயும் உபா, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்.

உபான்னா பயங்கரவாத வழக்கு. கல்யாண ஷூட்ல ஒரு கையில பொக்கே, இன்னொரு கையில இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோமே, அந்தக் குப்பி எப்படி பயங்கரவாத வழக்குல சாட்சிப் பொருள் ஆச்சு?

புகையா... பொடியா?

முதல்ல இது என்னன்னு பார்த்துடலாம். விறகு எரியும்போது வர்ற புகை, முழுசா எரியாம போன கரி. கலர் புகை அப்படி இல்ல. குழாய்க்குள்ள எரிபொருள், அதை எரியவைக்கிற ஒரு வேதிப்பொருள், கூடவே சாயப்பொடி இருக்கும். எரியறது எரிபொருள்தான். சாயம் எரியக் கூடாது, சூட்டுல ஆவியா மட்டும் ஆகணும். அந்த ஆவி வெளிக்காத்துல பட்டதும் திரும்பவும் ரொம்ப ரொம்பச் சின்னத் துகளா உறையும். நாம 'பிங்க் புகை'ன்னு பார்த்து ரசிக்கிறது காத்துல மிதக்கிற சாயத் துகள் கூட்டம். அதனாலதான் வெள்ளைச் சட்டையில கறை விழுது, மூக்கைச் சிந்தினா கலரா வருது.

இதுல கவனிக்க வேண்டியது 'சூடு'. தீச்சுவாலை கண்ணுக்குத் தெரியலைன்னாலும் குழாய்க்குள்ள நடக்கிறது எரியறதுதான். சூடு கொஞ்சம் கூடினா சாயமே பத்திக்கிட்டு வாய்ப்பகுதியில தீ வரும். முடிஞ்ச பிறகும் குழாய் கை சுடுற அளவுக்குக் கொதிக்கும். புஸ்வாணத்துக்கு இது ஒண்ணுவிட்ட தம்பிதான். சிவகாசியில தயாராகிற கலர் ஸ்மோக் அயிட்டங்கள் பட்டாசுப் பெட்டியோடதான் வருது.

ராணுவம் பயன்படுத்துறது இன்னொரு ரகம். எதிரி கண்ணை மறைக்க அடர்த்தியான வெள்ளைப் புகை வேணும். அதுக்காக ரொம்ப காலமா பயன்படுத்தின ஹெக்ஸாகுளோரோஈத்தேன் கலவை, ஜிங்க் குளோரைடு நிறைஞ்ச புகையைக் கக்கும். மூடின இடத்துல அதைச் சுவாசிச்சா நுரையீரல் கெட்டுப்போகும், பயிற்சியிலேயே உயிர் போயிருக்கு. கேம்ல ஸ்மோக்குக்குள்ள உட்கார்ந்து நிதானமா பேண்டேஜ் போடுறோம். நிஜத்துல அந்தப் புகைக்குள்ள உட்கார முடியாது.

கலர் புகைக்கு ராணுவத்துல வேற வேலை: சிக்னல். அமெரிக்க ராணுவத்தோட எம்-18 கிரெனேடு சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதான்னு நாலு கலர்ல வரும். ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். வியட்நாம் போர்ல ஹெலிகாப்டர் எங்க இறங்கணும்னு காட்டக் காட்டுக்குள்ள இருந்து இதைத்தான் எறிஞ்சாங்க. அதுல ஒரு செம்ம தந்திரம் உண்டு. கீழே இருக்கிற வீரர் என்ன கலர் எறிஞ்சேன்னு ரேடியோவுல சொல்ல மாட்டார். மேல இருக்கிற பைலட்தான் பார்த்துட்டு, "ஊதா தெரியுது"ம்பார். கீழே இருக்கிறவர் "ஆமா"ன்னு உறுதி பண்ணணும். ஏன்னா, முன்கூட்டியே கலரைச் சொன்னா ரேடியோவை ஒட்டுக் கேட்கிற எதிரியும் அதே கலரை எறிஞ்சு ஹெலிகாப்டரைத் தன் பக்கம் இழுத்துடுவான்!

கப்பல்கள்ல இதே சாதனம் உயிர் காக்குது. லைஃப் போட்டுல ஆரஞ்சுப் புகைக் குப்பி இருக்கணும்கிறது சர்வதேச விதி. தண்ணியில மிதந்துக்கிட்டே குறைஞ்சது 3 நிமிஷம் புகை விடணும். கடல்ல யாராவது விழுந்தா கூடவே தூக்கிப் போடுற மிதவைக் குப்பி 15 நிமிஷம் தாங்கணும். நீலக் கடல்ல ஒரு தலை தெரியாது, ஆரஞ்சு மேகம் தெரியும்.

சட்டம் என்ன பேர் வெச்சிருக்கு?

கடையில கேட்டா 'கலர் ஸ்மோக்'. ஆன்லைன்ல 'போட்டோகிராஃபி ஸ்மோக்', 'ஸ்மோக் ஸ்டிக்', 'ஹோலி ஸ்மோக்'னு விதவிதமான பேர். 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்துக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. வெடிக்கிறது மட்டும்தான் அந்தச் சட்டத்துக்கு வெடிபொருள்னு நினைச்சா தப்பு. கலர் தீ, வாணவேடிக்கை, ராக்கெட், பைரோடெக்னிக் விளைவுக்காகத் தயாரிக்கிற எல்லாமே அதுல அடக்கம். வடநாட்டுல பனி நேரத்துல ரயில் டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்துல கட்டுற சத்தக் குப்பி வரைக்கும் பட்டியல்ல இருக்கு. உங்க பேக்ல இருக்கிற பிங்க் குழாய் 'டப்'புன்னு ஒரு சத்தம்கூடப் போடாம இருக்கலாம், சட்டத்தோட பார்வையில அது வெடிபொருள் குடும்பம்.

இதைத் தயாரிக்கவும் விற்கவும் 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி லைசென்ஸ் வேணும். நாக்பூரைத் தலைமையிடமா வெச்சு இயங்குற 'பெசோ' நிறுவனம்தான் இதுக்கெல்லாம் தலைவாசல். அந்தச் சட்டத்தை மீறி வெடிபொருளை வெச்சிருந்தா, விற்றா, பயன்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் சிறை உண்டு. அதுக்காக தீபாவளிக்கு லைசென்ஸ் கடையில ஒரு பெட்டி வாங்கினா போலீஸ் வீட்டுக்கு வரும்னு பயப்பட வேண்டாம். பிரச்னை எங்கன்னா, தயாரிச்சவர் பேரே இல்லாத, லேபிள் இல்லாத குழாயை யார்கிட்டயோ வாங்குறப்போ. இன்னொண்ணு, 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு பற்றிக் கொடுத்த தீர்ப்புல, இ-காமர்ஸ் தளங்கள் ஆன்லைன்ல பட்டாசு விற்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கு. பட்டாசுன்னு போடாம 'போட்டோகிராஃபி' ஐட்டம்னு பேரை மாத்திப் போட்டா என்ன பண்றது? அந்த இடைவெளியிலதான் வியாபாரம் ஓடுது.

ரயில்ல எடுத்துட்டுப் போனா? ரயில்வே சட்டம் 164-வது பிரிவு: ஆபத்தான பொருளைக் கொண்டுபோறதுக்கு 3 வருஷம் வரை சிறை, இல்ல 1,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். சிவகாசியில மலிவா கிடைக்குதேன்னு பை நிறைய வாங்கி ராத்திரி ட்ரெயின்ல சீட்டுக்கு அடியில தள்ளுற அண்ணன்களுக்கு இது தெரியுமான்னு தெரியல. விமானத்துல கேபினும் கூடாது, செக்-இன் லக்கேஜும் கூடாது. கேர்லெஸ்ஸா பயன்படுத்தி யாருக்காவது காயம் வர்ற நிலைமை உண்டானா, பி.என்.எஸ். 288-வது பிரிவு இருக்கு, 6 மாசம் வரைக்கும் சிறை. ராணுவ ரக கிரெனேடு கையில இருந்தா கதையே வேற. ஆயுதச் சட்டத்துல கிரெனேடு, தடை செய்யப்பட்ட வெடிமருந்துப் பட்டியல்ல வருது. 'ஒரிஜினல் ஆர்மி பீஸ்'னு எவனாவது ஆஃபர் கொடுத்தா, அந்த சாட்டை அப்படியே மூடிடுங்க.

இங்கிலாந்து இதுல ரொம்ப நேரடி. 1993-ல கார்டிஃப்ல வேல்ஸ் - ருமேனியா கால்பந்து மேட்ச் முடியுறப்போ, கேலரியில இருந்து பறந்த கடல் சிக்னல் ஃப்ளேர் ஒண்ணு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த 67 வயசுப் பெரியவர் உயிரைப் பறிச்சுது. அங்க கால்பந்து மைதானத்துக்குள்ள ஃப்ளேரோ ஸ்மோக் பாமோ கொண்டு போனாலே குற்றம், பத்தவைக்கணும்னுகூட இல்ல. 2017-ல மியூசிக் ஃபெஸ்டிவல்களுக்கும் அதே மாதிரி சட்டம் போட்டாங்க. இடம்தான் அங்க கணக்கு: தோட்டத்துல ஓகே, கேலரியில கேஸ்.

குப்பியா, நோக்கமா?

திரும்ப டெல்லிக்கு வருவோம். நாடாளுமன்ற வழக்குல போலீஸ் தரப்போட வாதம் புகையைப் பத்தி மட்டும் இல்ல. 2001 டிசம்பர் 13-ல நாடாளுமன்றத்துல துப்பாக்கியோட புகுந்தவங்களால 9 பேர் உயிரிழந்தாங்க. அதே தேதி, அதே வளாகம். அந்தப் பயங்கர நினைவைத் திரும்பக் கிளப்பத்தான் இதைத் திட்டம் போட்டுச் செஞ்சாங்கன்னு போலீஸ் சொல்லுது. எதிர்த்தரப்பு, 'இது உயிரைப் பறிக்கிற பொருளே இல்ல, மார்க்கெட்ல சாதாரணமா கிடைக்கிறது. வேலையின்மை மாதிரியான பிரச்னைகளுக்கான போராட்டம்தான்'னு சொல்லுது.

ஜாமீன் விசாரணையின்போது டெல்லி உயர் நீதிமன்றமே போலீஸ்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுச்சு: 'புகைக்குப்பி வெச்சிருந்தாலோ பயன்படுத்தினாலோ உபா வருமா?' 2025 ஜூலை 2-ம் தேதி, வெளியில கோஷம் போட்ட பெண்ணுக்கும் இன்னொருத்தருக்கும் ஜாமீன் கிடைச்சுது. வழக்கைப் பத்திப் பேட்டி கொடுக்கக் கூடாது, சோஷியல் மீடியாவுல எதுவும் போடக் கூடாது, டெல்லியை விட்டுப் போகக் கூடாதுன்னு நிபந்தனைகள். அதுக்குள்ள அவங்க உள்ளே இருந்தது ஒண்ணரை வருஷத்துக்கும் மேல. இது ஜாமீன்தான், தீர்ப்பு இல்ல.

நம்மள்ல நிறைய பேர் ரெண்டே ரெண்டு கமென்ட்தான் போட்டோம். ஒண்ணு, 'தேசத்துரோகிகள்'. இன்னொண்ணு, 'கலர் பொடிக்கு உபாவா?' ரெண்டுமே சட்டத்தைப் படிக்காம போட்ட கமென்ட்.

உபா 15-வது பிரிவு வெடிகுண்டு, எரியும் பொருள், விஷவாயு, ரசாயனம்னு அடுக்கிட்டு, கடைசியில 'வேறு எந்த வழியிலும்'ங்கிற அர்த்தத்துல ஒரு பெரிய கதவைத் திறந்து வைக்குது. அதனால, 'கையில இருந்தது என்ன'ங்கிறது மட்டும் கேள்வியே இல்ல. நாட்டோட பாதுகாப்பை அச்சுறுத்தவோ மக்கள் மனசுல பயங்கரத்தை விதைக்கவோ நோக்கம் இருந்துச்சா? அதுதான் கேள்வி. ஆக, 'ஆன்லைன்ல கிடைக்கிறதுதானே'ங்கிற வாதம் பாதிக் கிணறுதான் தாண்டும். சமையல் கத்தியும் கடையில கிடைக்கிறதுதானே!

ஆனா, அதே தர்க்கம் போலீஸ் பக்கமும் திரும்பும். நோக்கம்தான் எல்லாம்னா, குப்பியைக் காட்டி நோக்கத்தை நிரூபிக்க முடியாது. தாக்க வந்தவன் யாரையும் தாக்காத பொருளை ஏன் எடுத்துட்டு வந்தான்கிற கேள்விக்குப் பதில் வேணும். என்னைக் கேட்டா, அத்துமீறினதுக்குத் தண்டனை வேணும், சந்தேகமே இல்ல. அன்னிக்கு அது நிஜ விஷவாயுவா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சாலே பதறுது. ஆனா, அந்தப் பதற்றத்துக்கும் 'பயங்கரவாதம்'கிற சொல்லுக்கும் நடுவுல தூரம் இருக்கு. அந்தத் தூரத்தை அளக்குறதுக்குள்ளேயே ஒண்ணரை வருஷம் போயிடுது. ஏன்னா, உபாவுல குற்றச்சாட்டு மேலோட்டமா உண்மைன்னு தெரிஞ்சாலே ஜாமீன் கிடையாது. இதுதான் இந்த வழக்கோட நிஜமான எடை.

பாதுகாப்புல கோட்டை விட்டது யாருங்கிற கேள்வி சைடுல போச்சு. உள்துறை அமைச்சர் விளக்கம் தரணும்னு கேட்ட எதிர்க்கட்சி எம்.பி-க்கள் அந்தக் கூட்டத்தொடர்ல ரெண்டு அவையிலயும் சேர்த்து 146 பேர் சஸ்பெண்ட். அடுத்த வருஷம் நாடாளுமன்றப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போச்சு.

செர்பியாவுல 2025 மார்ச்ல எதிர்க்கட்சி எம்.பி-க்களே அவைக்குள்ள ஸ்மோக் பாமும் ஃப்ளேரும் எறிஞ்சாங்க. அமளியில ஒரு பெண் எம்.பி-க்குப் பக்கவாதம் வந்துச்சு. ஆக, உள்ளே கொண்டுவந்து எறிய வெளியாளா இருக்கணும்னு அவசியம் இல்ல.

ஒரு பார்ட்டி... 22,000 ஏக்கர்

கெட்ட நோக்கமே இல்லாதவங்க கதைதான் இதைவிட நமக்குப் பக்கம். 2020 செப்டம்பர் 5. கலிஃபோர்னியாவுல எல் டொராடோ பார்க். பொறக்கப்போற குழந்தை ஆணா, பெண்ணான்னு கலர் புகையால அறிவிக்க ஒரு குடும்பம் போட்டோ எடுக்க வந்தாங்க. (நம்ம நாட்டுல கருவோட பாலினத்தைச் சொல்றதே குற்றம், அது தனிக் கதை.) காய்ஞ்சு நின்ன உயரமான புல்லு. குப்பியில இருந்து தீ புல்லுல பிடிச்சுது. கையில இருந்த தண்ணி பாட்டிலை ஊத்தி அணைக்கப் பார்த்திருக்காங்க. முடியல. 22,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சுது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருத்தர் செத்துப்போனார். கணவர் 2024-ல குற்றத்தை ஒப்புக்கிட்டார். ஒரு வருஷம் சிறை, மனைவியோட சேர்ந்து கட்ட வேண்டிய இழப்பீடு சுமார் 18 லட்சம் டாலர்.

கிட்டத்துலயே ஒண்ணு. 2025-ல கனடாவுல இருந்து பெங்களூருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடி. மாப்பிள்ளை மணப்பெண்ணைத் தூக்கணும், பின்னாடி கலர் பாம் வெடிக்கணும், அதுதான் ஷாட். ஒண்ணு திசை மாறி மணப்பெண் முதுகுல பட்டுச்சு. தீக்காயம், முடி கருகிப்போச்சு. அந்த வீடியோவை அவங்களே போட்டாங்க. பார்த்த கோடிப் பேர்ல எத்தனை பேர் அடுத்த வாரமே அதே ஷாட்டை ஆர்டர் பண்ணாங்களோ!

அப்போ ஷூட்டுக்குப் புகையே வேண்டாமா? வேணும்னா, லைசென்ஸ் கடையில, தயாரிப்பாளர் பேர் போட்ட ஐட்டம். கையில பிடிக்கிற ரகமான்னு லேபிள்ல பார்க்கணும், இல்லைன்னா தரையில வைங்க. பட்டுப்புடவை, பாலியஸ்டர் லெஹங்கா, காய்ஞ்ச புல், காடு, மூடின மண்டபம் வேண்டவே வேண்டாம். பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, ஒரு பாட்டில் இல்ல. பொது இடம்னா அனுமதி. ஆஸ்துமா இருக்கிறவங்க காத்துக்கு எதிர்ப்பக்கம் நிக்கணும்.

மண்டபத்துக்குள்ளன்னா ஃபாக் மெஷின் இருக்கு. கிளைக்கால் கலந்த தண்ணியைச் சூடாக்கி விடுறதுதான், தீ கிடையாது. 'மேகத்து மேல மாப்பிள்ளை பொண்ணு' என்ட்ரிக்கு டிரை ஐஸ் வைக்கிறாங்க. அது அழகுதான், ஆனா மைனஸ் 78 டிகிரியில உறைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு. காத்தோட்டம் இல்லாத இடத்துல மூச்சை நிறுத்தும். மாஸ்கோவுல 2020-ல ஓர் இன்ஸ்டா பிரபலத்தோட பர்த்டே பார்ட்டியில, நீச்சல் குளத்துல டிரை ஐஸைக் கொட்டிப் புகை எஃபெக்ட் கொண்டுவரப் பார்த்தாங்க. 3 பேர் இறந்துட்டாங்க, அவங்க கணவரும் அதுல ஒருத்தர்.

அந்த ஈ.சி.ஆர். ஷூட்டைச் சொல்றேன்னேன்ல. முதல் குழாய் சூப்பரா வந்துச்சு. ரெண்டாவதுல கடல் காத்து திரும்பி, மொத்த ஊதாவும் மாப்பிள்ளை மூஞ்சியில. இருமிக்கிட்டே குழாயைத் தூக்கிப் போட்டான். அது போய் விழுந்தது பொண்ணோட துப்பட்டா ஓரத்துல. ஒரு அண்ணி காலால மிதிச்சு அணைச்சாங்க. துப்பட்டாவுல உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. போட்டோகிராஃபர்கிட்ட, "இது எங்க வாங்கினீங்க ப்ரோ?"ன்னு கேட்டேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர், ஊர், லைசென்ஸ் நம்பர் எதுவும் இல்ல.

"தெரியல ப்ரோ, ஆன்லைன்ல வந்தது"ன்னுட்டு மீதி ரெண்டையும் பேக்ல போட்டுக்கிட்டார்.